மனந்திரும்புதலும் மதுவிடுதலையும்: அநாமதேயக் குடிநோயாளர் சங்கத்தின் தோற்றம் பற்றிய ஒரு நோக்கு

குடிக்கு அடிமைப்பட்ட ஒருவன் அதனின்று மீள்வது எவ்வாறு என்னும் வினா மருத்துவத்துக்கும் சமயத்துக்கும் பொதுவானது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினாவுக்கு விடைகாண முயன்றோர் பலர். அம்முயற்சிகளுட் பல ஒரு தலைமுறைக்குள் மறைந்தொழிந்தன. ஆனால், 1935 ஆம் ஆண்டில் இருவரது சந்திப்பிலிருந்து தோன்றிய 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' எனும் அநாமதேயக் குடிநோயாளர் சங்கம் நிலைபெற்று, இன்று ஏறத்தாழ 180 நாடுகளிற் பரவியுள்ளது. கிறித்தவ மறுமலர்ச்சி இயக்கமொன்றின் மடியிற் பிறந்த இச்சங்கம், சில ஆண்டுகளிலேயே அவ்வியக்கத்தினின்று பிரிந்து, எம்மதத்தினர்க்கும் மதமிலார்க்கும் உரியதாகத் தன்னை அமைத்துக்கொண்டது.

இதனால் இச்சங்கத்தின் வரலாறு பற்றி முரண்பட்ட இரு கருத்துக்கள் நிலவுகின்றன. கிறித்தவம் இதற்குத் தற்செயலாக வாய்த்த ஒரு தொட்டிலே என்பர் ஒருசாரார். மதச்சார்பின்மை எனும் போர்வையில் இது கிறித்தவத்தையே போதிக்கின்றது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கருத்துக்களும் வரலாற்றின் ஒரு பகுதியை மட்டுமே நோக்குவன. கிறித்தவ நம்பிக்கையின் கோட்பாட்டு வடிவம் கழன்று வீழ, அதன் ஒழுகலாற்று வடிவம் ஏறக்குறைய முழுமையாக எஞ்சி நின்றது என்பதும், அவ்வொழுகலாற்றின் வழியாகத் தனிமனித மாற்றம் என்பது ஒருநாள் நிகழ்ச்சி எனும் நிலையினின்று நாள்தோறும் பயிலவேண்டிய ஒன்றாக மாறியது என்பதுமே இக்கட்டுரையின் துணிபாகும்.

மதுவிலக்கும் மீட்பும்

1784 இல் பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் றஷ் வடிமதுவின் தீமைகள் பற்றி எழுதிய சிறுநூல், மிதமிஞ்சிய குடியை ஒரு நோயாக நோக்கிய தொடக்க முயற்சிகளுள் ஒன்று. அந்நோய்க்கு அவர் கூறிய பரிகாரங்களுள் கிறித்தவ நம்பிக்கையும் இடம்பெற்றமை கவனத்திற்குரியது. எனினும், 1826 இல் பொஸ்டன் நகரில் நிறுவப்பெற்ற அமெரிக்க மதுவிலக்குச் சங்கத்தின் கவனம் குடியாதோரைக் குடியாமற் காப்பதிலேயே நிலைத்தது. ஏலவே குடியில் வீழ்ந்தோர் பெரும்பாலும் கைவிடப்பட்டோராகவே கருதப்பட்டனர்.

இக்கருத்தை முதலில் உடைத்தோர் குடியர்களே. 1840 ஏப்ரலில் பால்ற்றிமோர் நகரத்து மதுச்சாலை ஒன்றிற் கூடிய ஆறு குடியர் வோஷிங்டன் சங்கத்தைத் தோற்றுவித்தனர். பிரசங்கத்துக்குப் பதிலாகக் குடித்துக் கெட்டவனே எழுந்து தன் கதையைக் கூறுதல் இவர்தம் புதுமை. 1842 பெப்ரவரியில் ஆபிரகாம் லிங்கன் ஸ்பிறிங்பீல்ட் நகரில் இவர்களைப் பாராட்டி உரையாற்றினார். பல இலட்சம் பேர் உறுதிமொழி எடுத்தனர். ஆயினும் 1840களின் இறுதிக்குள் இவ்வியக்கம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. உறுதிமொழி எடுத்தவன் மறுநாள் முதல் யாது செய்வது என்பதற்கு அதனிடம் விடையில்லை. அத்துடன், மதுவிலக்குச் சட்டம் பற்றிய அரசியற் பிணக்குகளும் அதனைச் சிதைத்தன.

மற்றொரு வழி நியூயோர்க் நகரத்துச் சேரியிலிருந்து பிறந்தது. அயர்லாந்திற் பிறந்த ஜெரி மக்கோலி ஆற்றுத் திருடனாக வாழ்ந்து சிங் சிங் சிறைக்கு அனுப்பப்பட்டவர். சிறையில் மனந்திரும்பினார், 1864 இல் விடுதலையான பின் மீண்டும் மீண்டும் வீழ்ந்தார். இறுதியாக 1872 ஒக்டோபரில் வோட்டர் வீதியில் குடியர்க்கும் வீடற்றோர்க்கும் ஒரு மீட்பில்லத்தைத் திறந்தார். அவர் 1882 இல் தொடங்கிய கிறிமோன் இல்லத்தில் அவ்வாண்டே மனந்திரும்பிய சாமுவேல் ஹட்லி என்பார், மக்கோலியின் மறைவுக்குப் பின் வோட்டர் வீதி இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஹட்லியின் சாட்சியத்தையே ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ், 1902 இல் நூலாக வெளிவந்த தமது எடின்பரோ விரிவுரைகளில் மனந்திரும்புதலுக்குச் சான்றாக எடுத்தாண்டார். பிளவுண்டு கிடக்கும் ஒருவனது உள்ளம் ஒருமைப்படுவதே மனந்திரும்புதல் என்றும், அது திடீரெனவும் நிகழலாம், படிப்படியாகவும் நிகழலாம் என்றும் ஜேம்ஸ் விளக்கினார். சேரியிற் பிறந்த ஓர் அனுபவம் இவ்வாறு உளவியலின் மொழியைப் பெற்றது.

ஒக்ஸ்போட் குழு

இவ்விரு மரபுகளும் ஒன்றுசேர்ந்த இடம் ஒக்ஸ்போட் குழுவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிலிக்கன் திருச்சபையில் எழுந்த ஒக்ஸ்போட் இயக்கத்தோடு இதனை மயங்குதல் கூடாது. இதனைத் தொடங்கியவர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த லூதரன் போதகர் பிராங் புக்மன். தாம் பணியாற்றிய இல்லமொன்றின் நிருவாகிகள்மீது தீராத மனக்கசப்புக் கொண்டிருந்த அவர், 1908 இல் இங்கிலாந்தின் கெசிக் நகரிற் கேட்ட ஒரு பிரசங்கத்தால் உள்ளம் நெகிழ்ந்து, அந்நிருவாகிகள் அறுவருக்கும் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். அவரது பிற்கால முறை முழுவதும் இச்செயலின் விரிவெனலாம். குற்றத்தை உணர்தல், பிறரிடம் அதனை ஒப்புக்கொள்ளல், தன்னை இறைவனிடம் ஒப்படைத்தல், தீங்குக்கு ஈடுசெய்தல், காலைதோறும் அமைதியில் இறைவழிகாட்டலுக்குக் காத்திருத்தல், பெற்ற மாற்றத்தைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் என்பன அதன் கூறுகள். முழு நேர்மை, முழுத் தூய்மை, முழுத் தன்னலமின்மை, முழு அன்பு என நான்கு அளவுகோல்களையும் அக்குழு வகுத்திருந்தது.

நியூயோர்க்கில் இக்குழுவின் முதல்வராக விளங்கியவர் கல்வரி தேவாலயக் குருவானவர் சாமுவேல் ஷூமேக்கர். அத்தேவாலயம் 1926 இல் ஒரு மீட்பில்லத்தைத் திறந்தபோது அதன் பொறுப்பாளராக அமைந்தவர் முன்னர்க் கூறிய ஹட்லி குடும்பத்தவரே. மக்கோலி ஏற்றிய விளக்கு அரை நூற்றாண்டு கழித்தும் அணையாதிருந்தது என்பதற்கு இது சான்று.

இரு மனிதர்

பில் வில்சன் வோல் வீதிப் பங்குச்சந்தையோடு தொடர்புடையவர். 1934 இல் குடியால் அனைத்தையும் இழந்திருந்தார். அவ்வாண்டு நவம்பரில் அவரது பழைய குடித்தோழர் எபி தாச்சர் அவரைக் காணவந்து, ஊற்றிக்கொடுத்த மதுவை மறுத்தார். ஒக்ஸ்போட் குழுவினர் தாச்சரைச் சிறைவாசத்தினின்று மீட்டுக் கல்வரி இல்லத்திற் சேர்த்திருந்தனர். மீட்டோருள் ஒருவரான றோலண்ட் ஹஸாட், சுவிற்சலாந்து உளமருத்துவர் கார்ல் யுங்கிடம் சிகிச்சை பெற்றவர். ஆன்மிக அனுபவம் ஒன்றாலன்றி உமக்கு மீட்சியில்லை என்று யுங் அவரிடம் கூறியதாகச் சங்க வரலாறு குறிப்பிடும். மருத்துவன் தன் கலையின் எல்லையை ஒப்புக்கொண்ட அச்சொல், கைமாறிக் கைமாறி வில்சனை வந்தடைந்தது.

1934 டிசெம்பர் 11 இல் வில்சன் நான்காம் முறையாக டவுன்ஸ் வைத்தியசாலையிற் சேர்ந்தார். அங்கே அவர் இறைவனை நோக்கிக் கதறியபோது அறை முழுவதும் ஒளி நிறைந்ததாகவும், மலையுச்சியின் காற்றுத் தம்முள் வீசியதாகவும் பின்னர் எழுதினார். அவ்வைத்தியசாலையில் வழங்கப்பட்ட பெலடோனா முதலிய மருந்துகளின் மயக்கமே அது என்பார் உளர். காட்சியின் மெய்ம்மையை வரலாற்றாசிரியனால் நிறுவவும் இயலாது, மறுக்கவும் இயலாது. அதன் பயனை மட்டுமே அவன் அளக்கலாம்: அடுத்த 36 ஆண்டுகளில், இறக்கும்வரை, வில்சன் குடிக்கவில்லை.

எனினும் இவ்வரலாற்றின் திருப்புமுனை அக்காட்சியன்று. தம் காட்சியைப் பிறர்க்கும் வழங்க எண்ணி வில்சன் ஐந்து மாதங்கள் குடியர்களிடையே பிரசங்கித்தார், ஒருவரேனும் மீளவில்லை. பிரசங்கத்தை விடுத்து முதலில் நோயின் கடுமையை எடுத்துக் கூறுமாறு வைத்தியர் வில்லியம் சில்க்வேத் அவருக்கு அறிவுரை பகர்ந்தார். 1935 மே மாதம் வணிகம் ஒன்று பொய்த்து, ஒகையோ மாநிலத்து அக்ரன் நகர விடுதியில் தனித்து நின்ற வில்சனை அங்கிருந்த மதுச்சாலை ஈர்த்தது. அவ்வேளை, தாம் வீழாதிருக்க இன்னொரு குடியரோடு பேசவேண்டும் என அவருக்குத் தோன்றிற்று. தேவாலயப் போதகர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்ததன் விளைவாக, ஒக்ஸ்போட் குழுவைச் சேர்ந்த ஹென்றியெற்றா சைபர்லிங் அம்மையாரின் இல்லத்தில் மே 12 ஆம் நாள் அவர் சத்திரசிகிச்சை வைத்தியரான றொபேட் ஸ்மித்தைச் சந்தித்தார். கால்மணி நேரம் மட்டும் இருப்பதாகக் கூறி வந்த ஸ்மித், இரவு பதினொரு மணிவரை பேசிக்கொண்டிருந்தார்.

ஸ்மித் அவ்வேளையில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளாக ஒக்ஸ்போட் குழுவிற் கலந்து வந்தவர். வேதத்தையும் சமய நூல்களையும் ஆழக் கற்றவர். ஆயினும் குடித்துக்கொண்டே இருந்தார். நம்பிக்கை அவரிடம் குறைவாக இருந்ததெனல் பொருந்தாது. அவரிடம் இல்லாதது, அவரைப்போல் வீழ்ந்த மற்றொருவர். வில்சன் அவரைத் திருத்த வரவில்லை. தமக்கே உதவி நாடி வந்தார். உபதேசிப்பவன், கேட்பவன் என்னும் வேறுபாடு அங்கு மறைந்தது. இடையே ஒருமுறை வீழ்ந்தபின், 1935 யூன் 10 இல் ஸ்மித் இறுதியாகக் குடித்தார். அந்நாளே சங்கத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகின்றது. வில்சன் ஒளிகண்ட நாள் அதற்குத் தெரிந்தெடுக்கப்படவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஸ்மித்துக்கு ஒளியுமில்லை, காற்றுமில்லை. மதுவை விட்ட பின்னரும் இரண்டரை ஆண்டுகள் குடிக்கும் வேட்கை தம்மை விடாது தொடர்ந்ததாக அவரே எழுதியுள்ளார். இவ்விருவரும் ஜேம்ஸ் கூறிய இருவகை மனந்திரும்புதலுக்கும் எடுத்துக்காட்டாவர். திடீர் மாற்றத்தை மட்டும் இலக்கணமாகக் கொண்டிருப்பின், ஸ்மித்தைப் போன்றோர்க்கு அச்சங்கத்தில் இடமிருந்திராது. 1941 இல் சங்கத்தின் நூலுக்குச் சேர்க்கப்பட்ட பின்னிணைப்பு, பெரும்பாலோர் அனுபவம் மெல்ல நிகழும் வகையினது என வெளிப்படையாகவே கூறியது.

பிரிவும் அதன் காரணங்களும்

வில்சனும் நியூயோர்க் உறுப்பினரும் 1937 இல் ஒக்ஸ்போட் குழுவினின்று விலகினர். அக்ரன் உறுப்பினர் 1939 இல் விலகினர். காரணங்கள் பல. நான்கு முழுமைகளையும் ஒருங்கே எட்ட முயன்ற குடியர் மனமுடைந்து மீண்டும் குடியை நாடினர். குழுவோ நாட்டுத் தலைவர்களையும் செல்வரையும் மாற்றி உலகையே மாற்ற விழைந்தது, புகழை நாடியது. 1936 இல் ஹிட்லரைப் பற்றிப் புக்மன் பத்திரிகையொன்றுக்குக் கூறிய கருத்து பெருங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. புரட்டஸ்தாந்து இயக்கமொன்றின் பொதுப் பாவஅறிக்கையிற் பங்குபற்றல் கத்தோலிக்கர்க்கும் இடர்ப்பாடாயிருந்தது.

1938 டிசெம்பரில் வில்சன் பன்னிரு படிகளை வரைந்தபோது இறைநம்பிக்கையற்ற உறுப்பினர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதன் பயனாக, முழந்தாளிடுதல் பற்றிய குறிப்பு நீக்கப்பட்டது. நாம் விளங்கிக்கொண்டவாறான கடவுள் என்னும் கருத்து இடம்பெற்றது. 1939 ஏப்ரலில் வெளிவந்த அந்நூலின் படிகளிற் கிறித்துவின் பெயர் இல்லை. ஆயின் இயலாமையை ஏற்றல், ஒப்படைத்தல், தன்னாய்வு, பிறரொருவரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்ளல், ஈடுசெய்தல், செபம், செய்தியைப் பிறர்க்குக் கொண்டுசெல்லல் என்பன வரிசை பிறழாது அங்கே உள்ளன. அக்ரன் நகர சென் தோமஸ் வைத்தியசாலையில் 1939 முதல் ஸ்மித்தோடு பணியாற்றிய அருட்சகோதரி இக்னேசியா போன்ற கத்தோலிக்கர் இதன்பின் தயக்கமின்றி இணைந்தனர். யேசுசபைக் குரு எட்வேட் டவுலிங் இப்படிகளில் தம் சபை நிறுவுநரான புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளின் சாயலைக் கண்டார்.

1950 இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்ட பன்னிரு மரபுகள் அநாமதேயத்தையும், சொந்தப் பணத்தில் இயங்குதலையும், வெளிவிடயங்களிற் கருத்துக் கூறாமையையும் விதித்தன. வோஷிங்டன் சங்கத்தாரின் அழிவை வில்சன் கற்றறிந்திருந்தார். ஒக்ஸ்போட் குழுவின் புகழ்வேட்கையை நேரிற் கண்டிருந்தார். தாழ்மை என்ற கிறித்தவப் பண்பு இங்கே தனிமனிதனின் அறமாக மட்டுமன்றி, ஒரு நிறுவனத்தின் யாப்பாகவும் உருப்பெற்றது.

மதிப்பீடு

இச்சங்கம் சமயமா அன்றா என்னும் வினா முடிந்தபாடில்லை. கைதி ஒருவரை இதன் கூட்டங்களுக்குச் செல்லுமாறு கட்டாயப்படுத்தல் அரசியலமைப்புக்கு முரணென நியூயோர்க் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது; படிகளின் சமயத்தன்மையே அதற்குக் காரணம். மறுபுறம், 1991 இல் கலிபோர்னியாவின் சடில்பாக் தேவாலயத்தில் தோன்றிய மீட்பு இயக்கம், படிகளை இயேசுவின் மலைப்பொழிவோடு மீண்டும் இணைத்துக் கிறித்துவின் பெயரைத் திருப்பிச் சேர்த்தது. பயனைப் பொறுத்தவரை, 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கி 2020 இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, மதுவை முற்றாக விடுதலில் இம்முறை பிற சிகிச்சை முறைகளிலும் மேம்பட்டது எனவும், ஏனைய பயன்களில் அவற்றுக்குக் குறைந்ததன்று எனவும் கண்டது.

ஆயினும் இவ்வரலாற்றைப் புனிதர் வரலாறாக எழுதுதல் தகாது. வில்சனுக்குச் செய்தி கொணர்ந்த தாச்சரே 1937 இல் மீண்டும் குடிக்கத் தொடங்கி நெடுங்காலம் அலைந்தார். வில்சனைப் பல்லாண்டுகள் கடும் மனச்சோர்வு வாட்டியது. மதுவை வென்ற அவர், புகைத்தலாற் சிதைந்த நுரையீரலோடு 1971 இல் மறைந்தார். இவை அவரது மாற்றத்தைப் பொய்யாக்குவன அல்ல. மாற்றம் முழுமையோடு ஒன்றல்ல என்பதையே உணர்த்துகின்றன. நான்கு முழுமைகளை விட்டு விலகியோர் கண்டுகொண்ட உண்மையும் இதுவே.

கிறித்தவம் இச்சங்கத்துக்கு அளித்த பெருங்கொடை யாதெனின், தன் வீழ்ச்சியை மறையாது கூறுபவனே இன்னொருவனைத் தூக்கவல்லான் என்னும் சாட்சிய மரபாகும். மக்கோலி அதனைச் சேரியிற் செய்தார். புக்மன் அதற்கு ஒழுங்கமைத்தார். அக்ரனிற் சந்தித்த இருவரோ, தூக்குபவனுக்கும் அது இன்றியமையாததென அறிந்தனர். அவ்வறிவு எய்தப்பட்டபின், அதனைக் கைக்கொள்ளுதற்குக் கோட்பாட்டு உடன்பாடு நிபந்தனையாக இருக்கவில்லை. ஒரு சமயத்தின் ஆற்றலை அதன் பெயர் வழங்கும் இடங்களில் மட்டுமே அளப்பது போதாது என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகின்றது.