தூக்குத் தண்டனைக்கு முதல் நாள் போட்ட கையொப்பம்

அமெரிக்க மாநில ஆளுநர்களில் பின்னாளில் ஜனாதிபதியானவர்களைத்தான் நாம் அறிந்து வைத்திருக்கிறோம். ஜோர்ஜியாவின் ஜோன் ஸ்லேட்டன் அப்படி ஆகவில்லை. ஒரேயொரு கையொப்பத்தோடு அவரது அரசியலே முடிந்து போனது.

1866 இல் பிறந்தவர், சட்டத்தரணி, மாநில சட்டசபையின் சபாநாயகர். 1913 இல் ஆளுநராகப் பதவியேற்கும்போது எல்லோருக்கும் பிடித்தமான மனிதர்.

அதே ஆண்டு ஏப்ரலில் அட்லாண்டாவின் பென்சில் தொழிற்சாலை ஒன்றில், மேரி ஃபேகன் என்ற 13 வயதுச் சிறுமி தனக்கு வர வேண்டிய 1 டொலர் 20 சதம் கூலியை வாங்கப் போன இடத்தில் கொல்லப்பட்டாள். பழி தொழிற்சாலையின் மேலாளர் லியோ ஃபிராங்க் மீது விழுந்தது. அவர் யூதர், வடக்கிலிருந்து வந்தவர். பிரதான சாட்சி, அங்கே கூட்டித் துடைக்கும் ஜிம் கொன்லி. பொலிஸாரிடம் பலமுறை கதையை மாற்றிச் சொன்னவர். நீதிமன்றத்துக்கு வெளியே சனக்கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. விடுதலைத் தீர்ப்பு வந்தால் உயிருக்கு ஆபத்து என்று, தீர்ப்பு வாசிக்கும்போது ஃபிராங்கையும் அவரது சட்டத்தரணிகளையும் வெளியிலேயே வைத்திருந்தார்கள். இதற்குப் பெயர் விசாரணையா என்று நமக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதியரசர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மற்றைய ஏழு பேரும் மேன்முறையீட்டை நிராகரித்தார்கள்.

தூக்கு 1915 ஜூன் 22 இல். ஸ்லேட்டனின் பதவிக்காலம் முடிய இருந்ததோ சில நாட்கள்தான். பேசாமல் இருந்திருக்கலாம். அவர் தொழிற்சாலைக்கே நேரில் போய்ப் பார்த்தார், ஆயிரக்கணக்கான பக்கங்களை வாசித்தார். பிரேதத்தை லிஃப்டில் கீழே இறக்கியதாகக் கொன்லி சொல்லியிருந்தார். அன்று காலையில் லிஃப்ட் குழிக்குள் தான் மலம் கழித்ததாகவும் அவரே ஒப்புக்கொண்டிருந்தார். லிஃப்ட் அடிவரை இறங்கினால் தரையில் முட்டும். அப்படியென்றால் அது நசுங்கியிருக்க வேண்டுமே? மறுநாள் பொலிஸார் லிஃப்டில் இறங்கியபோதுதான் நசுங்கியது. அருவருப்பான விடயம்தான், ஆனால் சாட்சியத்தின் அத்திவாரமே அங்கே ஆட்டம் கண்டது.

ஜூன் 21 இல் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். ஆயிரக்கணக்கானோர் அவர் வீட்டை நோக்கித் திரண்டார்கள். இராணுவம்தான் காப்பாற்றியது. பதவி முடிந்ததும் மாநிலத்தை விட்டே போக வேண்டியதாயிற்று. எதிரிகள் கையில் ஒரு உண்மையான ஆயுதமும் இருந்தது: ஃபிராங்கின் பிரதான சட்டத்தரணி ஸ்லேட்டனின் தொழில் பங்காளி. அதை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் பங்காளிக்காகச் செய்தார் என்பது நமக்குப் பொருந்தவில்லை. அவர் இழந்தது அவ்வளவு.

ஆகஸ்ட் 17 இல் ஒரு கும்பல் சிறையிலிருந்து ஃபிராங்கைக் கடத்திப் போய், மரியெட்டாவில் மரத்தில் தூக்கிலிட்டது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. சதியைத் திட்டமிட்டோர் பட்டியலில் முன்னாள் ஆளுநர் ஒருவரின் பெயரும் பின்னாளில் வெளிவந்தது. பத்திரிகையில் வெறுப்பை ஊட்டி வந்த டொம் வொட்சனை மக்கள் 1920 இல் செனட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்லேட்டனை அவர்கள் மீண்டும் எதற்கும் தெரிவு செய்யவில்லை. அவர் 1955 இல் காலமானார்.

அன்று அந்தத் தொழிற்சாலையில் எடுபிடிப் பையனாக இருந்த அலொன்ஸோ மான், மேரியின் உடலைக் கொன்லி தனியாகச் சுமந்து போனதைக் கண்டதாக 1982 இல் வாய் திறந்தார். 1986 இல் ஜோர்ஜியா ஃபிராங்குக்கு மன்னிப்பு வழங்கியது. குற்றமற்றவர் என்று அதில் எழுதவில்லை. அவரைப் பாதுகாக்கத் தவறினோம் என்று மட்டும் எழுதினார்கள்.