ஏடறியாத் தாய்க்குதிரை

குதிரை என்றதும் நம் நினைவு அரபு நாட்டை நோக்கி ஓடுவது இயல்பே. காயல் துறையில் அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய காலம் ஒன்று இருந்தது. குதிரையோடு வாழ்ந்த பெருமக்களின் நினைவு ‘இராவுத்தர்’ என்னும் பெயரில் இன்றும் நம்மிடையே நின்று நிலவுகிறது. ஆனால் அந்த அரபுக் குருதி வடமேற்கே நெடுந்தொலைவு சென்று, மழை ஓயாத அயர்லாந்துத் தீவில் ஏர் உழுத பெட்டைக் குதிரைகளின் குருதியோடு கலந்து, உலகம் மெச்சும் ஒரு குதிரை வகையைத் தோற்றுவித்த வரலாறு நம்மில் பலர் அறியாதது. ஆங்கிலேயர் ‘ஹெவிவெயிட் ஹன்டர்’ என்று அழைக்கும் பெருஞ்சுமை தாங்கும் வேட்டைக் குதிரையின் வரலாறே அது. அதனை ஆராயப் புகும்போது ஒரு வினா நம்முன் எழுகிறது. ஒரு குதிரையின் பெருமை யாருக்கு உரியது? தந்தைக்கா, தாய்க்கா?

வேட்டைக் குதிரை தனி இனமன்று. ஒரு தொழிலுக்கு ஏற்ப உருவாக்கப்பட்ட வகை. காடுகள் சுருங்கி மான்கள் அருகிய பின்னர், பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் நரி வேட்டையில் நாட்டம் கொண்டனர். லெஸ்டர்ஷயர் பகுதியின் குவார்ன் என்னுமிடத்தில் ஹியூகோ மெய்னல் என்பவர் 1753 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் வேட்டைத் தலைவராக விளங்கினார். விரைந்தோடும் நாய்களை அவர் வளர்த்தெடுத்தார். நாய்கள் விரைந்தால் குதிரையும் விரையத்தானே வேண்டும்? இதே காலத்தில் பாராளுமன்றச் சட்டங்களால் பொது நிலங்கள் துண்டாடப்பட்டு, எங்கு நோக்கினும் உயிர்வேலிகளும் வாய்க்கால்களும் குறுக்கிட்டன. அவற்றைத் தாண்டிப் பாயாத குதிரை வேட்டைக்கு உதவாது என்ற நிலை வந்தது.

இத்துடன் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. வேட்டையாடிய செல்வர்கள் எல்லாரும் மெலிந்த மேனியினர் அல்லர். விருந்தும் மதுவும் வளர்த்த உடலோடு அவர்கள் சேணத்தில் ஏறினர். ஆகவே, சுமக்கும் திறனை வைத்து வேட்டைக் குதிரைகளை மூன்றாகப் பிரிக்கும் வழக்கம் பின்னாளில் கண்காட்சிகளில் நிலைபெற்றது. எடை குறைந்தவரைச் சுமப்பது ஒன்று; நடுத்தர எடையினரைச் சுமப்பது ஒன்று; 14 ஸ்டோனுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 89 கிலோவுக்கு மேற்பட்ட எடையைச் சுமக்க வல்லது மூன்றாவது. இந்த மூன்றாவதே நாம் கூறவந்த குதிரை.

தோள்வரை ஐந்தரை அடி உயரம், அகன்று ஆழ்ந்த மார்பு, சரிந்த தோள், வலிய பின்தொடை. முன்னங்காலில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நூலைச் சுற்றி அளந்தால் 9 அங்குலத்துக்குக் குறையாதிருக்க வேண்டும் என்பர். குதிரை அறிந்தோர் இந்த அளவையே ‘எலும்பு’ என்று சொல்லிப் போற்றுவர். எலும்பு மட்டும் இருந்தால் போதுமா? வண்டிக் குதிரைக்கும் எலும்பு உண்டு. ஆனால் இரண்டு மைல் பாய்ந்ததும் அதற்கு மூச்சு முட்டும். பந்தயக் குதிரைக்கு மூச்சும் விரைவும் உண்டு. ஆனால் பாரத்தைச் சுமந்து சேற்று நிலத்தில் நாள் முழுதும் ஓடினால் அதன் கால் தளரும். இரு குதிரைகளின் குணங்களும் ஒரே உடலில் கூடவேண்டும். எனவே இரு குருதிகளின் கலப்பு இன்றியமையாததாயிற்று.

தந்தைவழி

விரைவைத் தந்த வழி நமக்கு ஓரளவு அறிமுகமானதே. இன்று உலகெங்கும் பந்தயத் திடலில் ஓடும் தரோபிரெட் இனத்தின் ஆண்வழி முழுவதும் கிழக்கிலிருந்து சென்ற மூன்று ஆண்குதிரைகளில் சென்று முடிகிறது. பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன் என்பன அவற்றின் பெயர்கள். டார்லி அரேபியனை ஹலப் நகரில் தாமஸ் டார்லி என்னும் ஆங்கில வணிகர் வாங்கி, 1704-இல் யார்க்ஷயரிலுள்ள தம் குடும்பத்தாரின் பண்ணைக்கு அனுப்பினார். அதன் வழியில் நான்காம் தலைமுறையில், 1764-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது பிறந்த எக்லிப்ஸ் என்னும் குதிரை, ஓடிய பந்தயம் ஒன்றிலும் தோற்றதில்லை. இன்றைய தரோபிரெட் ஆண்குதிரைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இந்த ஹலப் குதிரையின் வழித்தோன்றல்களே. கொடால்ஃபின் அரேபியன் துனிஸிலிருந்து பிரான்ஸ் வழியாக இங்கிலாந்தை அடைந்தது என்பர். அது 1753-இல் மாண்டது.

இவற்றின் பெயர்களும் வழிமுறைகளும் நமக்கு இத்துணைத் தெளிவாகத் தெரிவதற்குக் காரணம், 1791-இல் ஜேம்ஸ் வெதர்பி வெளியிடத் தொடங்கிய வமிசப் பதிவேடு. ஆனால் அந்த ஏட்டிலும் ஒரு குறை உண்டு. பழைய பெட்டைக் குதிரைகள் பலவற்றுக்கு அதில் பெயரே இல்லை. இன்னாருடைய பெட்டை என்றோ, இன்ன ஆண்குதிரையின் மகள் என்றோ குறித்ததோடு ஏடு நின்றுவிடுகிறது.

ஐந்து பவுன் சட்டம்

மூவருள் மூத்ததான பையர்லி டர்க்கின் வரலாறு நம்மை அயர்லாந்துக்கு அழைத்துச் செல்கிறது. 1690-இல் பாய்ன் ஆற்றங்கரையில் மூன்றாம் வில்லியமின் படை இரண்டாம் ஜேம்ஸின் படையை முறியடித்தது. வில்லியமின் தரப்பில் போரிட்ட இராபர்ட் பையர்லி என்னும் படைத்தலைவர் ஏறியிருந்த குதிரை இதுவே என்பர். அந்த வெற்றிக்குப் பின் அயர்லாந்தின் கத்தோலிக்கப் பெருமக்கள்மீது ஒடுக்குமுறைச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அவற்றுள் ஒன்று குதிரையைப் பற்றியது. 5 பவுன் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள குதிரையைக் கத்தோலிக்கர் எவரும் வைத்திருக்கலாகாது என்று 1695-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அக்குதிரை எத்துணை உயர்ந்ததாயினும், புராட்டஸ்டண்ட் ஒருவர் ஏறத்தாழ 5 பவுனை நீட்டினால் அதனை ஒப்படைத்தாக வேண்டும்.

இச்சட்டம் ஏட்டோடு நிற்கவில்லை, உயிரையும் குடித்தது. ஆஸ்திரியப் படையில் பணியாற்றித் தாயகம் திரும்பிய ஆர்ட் ஓ லீரி என்னும் இளைஞரிடம் சிறந்த குதிரை ஒன்று இருந்தது. கார்க் வட்டாரத்தில் அதிகாரம் பெற்றிருந்த ஆபிரகாம் மாரிஸ் 5 பவுனுக்கு அதனைக் கேட்டார் என்றும், ஆர்ட் மறுத்தார் என்றும் வழிவழியாகக் கூறுவர். அப்பகை முற்றி, 1773-ஆம் ஆண்டு மே மாதம் ஆர்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி ஐலீன் பாடிய ஒப்பாரி ஐரிஷ் மொழியின் தலைசிறந்த இலக்கியங்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. ஏறியவர் இல்லாமல் வெறுஞ்சேணத்தோடு வீடு திரும்பிய அந்தப் பெட்டைக் குதிரையில் தாவி ஏறி, கணவர் வீழ்ந்து கிடந்த இடத்துக்குத் தாம் விரைந்ததை அதில் ஐலீன் கூறுகிறார்.

மதிப்புள்ள குதிரை வைத்திருப்பது பெருந்துன்பத்தை வரவழைக்கும் என்றால், ஏழைக் குடியானவன் என்ன செய்வான்? ஏரிலும் வண்டியிலும் பூட்டும் எளிய குதிரையோடு அமைந்தான். பகட்டில்லாத அந்தக் குதிரையே நம் வரலாற்றின் தாய்.

தாய்வழி

பிற்காலத்தில் ‘ஐரிஷ் டிராஃப்ட்’ என்று பெயர் பெற்ற இந்த உழவுக் குதிரை, இங்கிலாந்தின் ‘ஷயர்’ குதிரைபோல் மலைத்த உருவம் உடையதன்று. அத்தகைய பெருங்குதிரைக்குத் தீனி போடச் சிறு குடியானவனுக்கு வசதி ஏது? பத்து இருபது ஏக்கரில் பயிரிட்ட அவனுக்கு ஒரே குதிரை எல்லா வேலைக்கும் ஆகவேண்டும். கிழமை நாளில் ஏர் இழுக்கும்; சந்தைக்கு வண்டி இழுக்கும்; ஞாயிறன்று குடும்பத்தைத் தேவாலயத்துக்கு ஏற்றிச் செல்லும்; குளிர்காலத்தில் வாய்ப்புக் கிடைத்தால் வேட்டையில் வேலி தாண்டும். இவ்வாறு வாழ்க்கைத் தேவையே அதற்கு வலிமையையும் சுறுசுறுப்பையும் அமைந்த குணத்தையும் ஒருங்கே ஊட்டியது.

மண்ணும் துணை நின்றது. சுண்ணாம்புப் பாறைமேல் ஆண்டு முழுவதும் பசுமை மாறாது வளரும் புல் எலும்புக்கு உரம் தந்தது. இங்கு மார்க்கோ போலோ நம் கடற்கரையைப் பற்றிக் குறித்த செய்தி ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நல்ல ஆணும் நல்ல பெட்டையும் கூடினாலும் இந்நாட்டில் பிறக்கும் குட்டி கால் வளைந்து சவாரிக்கு ஆகாததாகிறது என அவர் எழுதினார். உயர்ந்த அரபுத் தந்தையால் மட்டும் உயர்ந்த குட்டி கிடைத்துவிடாது என்பதற்கு, ஆண்டுதோறும் குதிரைக்காகப் பொன்னைக் கொட்டிக் கொடுத்த நம் மன்னர்களே சான்று.

அயர்லாந்தின் குடியானவன் தன் உழவுப் பெட்டையைத் தரோபிரெட் ஆண்குதிரையோடு சேர்த்தான். பதினொரு மாதத்தில் குட்டி பிறக்கும். அரைக்கலப்பான அக்குட்டி தாயின் எலும்பையும் தந்தையின் மூச்சையும் கொண்டிருந்தது. அரைக்கலப்புப் பெட்டையை மீண்டும் தரோபிரெட்டோடு சேர்த்தால் முக்கால் கலப்பு. விரைவு கூடும், பருமன் குறையும். பெருஞ்சுமை தாங்கும் வேட்டைக் குதிரை பெரும்பாலும் இந்த அரைக்கும் முக்காலுக்கும் இடைப்பட்டது. வீட்டின் குத்தகைப் பணத்துக்கு அந்தக் குட்டியே வழி. பாலினஸ்லோ போன்ற பெருஞ்சந்தைகளில் தரகர்கள் அவற்றை வாங்கி இங்கிலாந்துக்கு அனுப்பினர். டப்ளினில் ராயல் டப்ளின் சங்கம் 1868-இல் தொடங்கிய குதிரைக் கண்காட்சி, 1881-இல் பால்ஸ்பிரிட்ஜுக்கு மாறிய பின் மேலும் புகழ் பெற்றது. இங்கிலாந்திலும் 1885-இல் வேட்டைக் குதிரை வளர்ச்சிக்கென ஒரு சங்கம் தோன்றியது. நல்ல ஆண்குதிரை வைத்திருப்போருக்கு ஊக்கத்தொகை அளித்து, அது சிற்றூர்ப் பெட்டைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கச் செய்வது பின்னர் அதன் பணியாயிற்று.

கவனித்தீர்களா? ஊக்கத்தொகை தந்தைக்கு! பதிவேடும் தந்தைக்கு! உழவுப் பெட்டைக்கென ஐரிஷ் டிராஃப்ட் ஏடு திறக்கப்பட்டது 1917-இல்தான். ஆய்வாளர் நேரில் கண்டு தேர்ந்த 375 பெட்டைகளும் 44 ஆண்குதிரைகளும் அதில் முதன்முதலாக இடம்பெற்றன. அதற்கு முன் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வேட்டைக் குதிரைகளை ஈன்று தந்த தாய்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

வெற்றியே வினையான கதை

இங்கேதான் இவ்வரலாற்றின் நெஞ்சை உறுத்தும் பகுதி வருகிறது. கலப்புக் குதிரை தன்னைப் போன்ற குட்டியைத் தவறாது ஈனுவதில்லை. அரைக்கலப்பு இரண்டைச் சேர்த்தால் ஒரு குட்டி பாட்டனைப் போலவும் மற்றொன்று பாட்டியைப் போலவும் பிறக்கும். ஆகவே சிறந்த வேட்டைக் குதிரை வேண்டுமானால் மீண்டும் மீண்டும் தூய உழவுப் பெட்டையிடமே திரும்ப வேண்டும். ஆனால் தூய உழவுக் குட்டிக்குச் சந்தையில் விலை குறைவு; கலப்புக் குட்டிக்கோ விலை மிகுதி. எந்த ஏழைதான் குறைந்த விலைக் குட்டியை விரும்புவான்? சிறந்த பெட்டைகள் யாவும் கலப்புக்கே சென்றன. தூய வழியை வளர்க்க மகள்கள் மிஞ்சவில்லை. ஊற்று நீரை விற்பதற்காக ஊற்றையே தூர்த்த கதையாயிற்று.

முதல் உலகப் போரும் தன் பங்கைக் கொண்டது. 1914 முதல் 1918 வரை பிரிட்டிஷ் படை இழந்த குதிரைகளும் பிற விலங்குகளும் 4,80,000-க்கு மேல். ஐரிஷ் சிற்றூர்களின் குதிரைகளும் அவற்றுள் அடங்கும். அடுத்து டிராக்டர் வந்தது. ஏர் இழுக்க வேண்டாத பெட்டையைத் தீனி போட்டு வைத்திருப்பவர் யார்? இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆயிரக்கணக்கான குதிரைகள் ஐரோப்பிய இறைச்சிக் கூடங்களுக்குக் கப்பலேறின.

யார்க்ஷயரின் கிளீவ்லாந்து பே என்னும் இனத்துக்கும் இதே கதிதான். வண்டிக்கும் வேட்டைக்கும் கலப்புக் குதிரைகளைத் தந்து தந்து அது தேய்ந்தது. 1962-இல் பிரிட்டனில் அதன் தூய ஆண்குதிரைகள் நான்கே எஞ்சியிருந்தன. வெளிநாடு செல்லவிருந்த மல்கிரேவ் சுப்ரீம் என்னும் குதிரையை அரசி இரண்டாம் எலிசபெத் வாங்கி இனவிருத்திக்குத் தந்ததால் அவ்வினம் பிழைத்தது. அயர்லாந்திலும் விழிப்புப் பிறந்தது. குதிரை வளர்ப்போர் 1976-இல் ஐரிஷ் டிராஃப்ட் குதிரைச் சங்கத்தை நிறுவித் தூய வழியைக் காக்க முனைந்தனர். 1962-இல் பிறந்த கிங் ஆஃப் டைமண்ட்ஸ் என்னும் டிராஃப்ட் ஆண்குதிரையின் குட்டிகள் உலகத் தாண்டுதல் போட்டிகளில் புகழ் பெற்றதும் அவர்களுக்கு ஊக்கம் தந்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவது 2005 முதல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஒரு விலங்கைத் துரத்திக் கொன்று களிப்பதை நாம் புகழ வரவில்லை. ஆயினும் அவ்வேட்டைக்காக உருவான குதிரை இன்று கண்காட்சியிலும் தாண்டுதல் திடலிலும் தன் திறனைக் காட்டி நிற்கிறது. அது நிலைக்க வேண்டுமானால் தூய தாய்வழி நிலைக்க வேண்டும்.

அறிவியலும் இப்போது தாயின் பக்கம் பேசுகிறது. தாய்வழியாக மட்டுமே இறங்கும் மரபணுக்களை ஆராய்ந்தோர், தரோபிரெட்டின் ஆதித் தாய்களுள் பிரிட்டனையும் அயர்லாந்தையும் சேர்ந்த நாட்டுப் பெட்டைகளுக்குப் பெரும் பங்குண்டு என்று 2010-இல் அறிவித்தனர். குறுந்தொலைவு விரைவுக்குக் காரணமான மரபணு மாற்றமும், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பிரிட்டன் நாட்டுப் பெட்டை ஒன்றிலிருந்தே வந்திருக்கக்கூடும் என்று 2012-இல் வெளியான ஆய்வு கூறியது. எலும்பு மட்டுமே தாயின் கொடை என்றிருந்தோம்; விரைவிலும் அவளுக்குப் பங்கிருக்கிறது!

இதில் வியப்புறாதவர்கள் பாலைவனத்து நாடோடி அரபிகளே. அவர்கள் குதிரையின் குலத்தைத் தாயை வைத்தே கணித்தார்கள். போருக்குப் பெட்டையில் ஏறினார்கள். ஆண்குதிரையை விற்றாலும் உயர்ந்த பெட்டையை எளிதில் கைவிடமாட்டார்கள். ஐரோப்பா பெரும்பாலும் அவர்களிடமிருந்து ஆண்குதிரையைப் பெற்றுக்கொண்டது. அவர்களுடைய கணக்கைப் பெற்றுக்கொள்ளவில்லை.

நம் வீடுகளிலும் வமிசாவளி எழுதி வைத்திருக்கிறோம். பாட்டனார், பூட்டனார், அவர்தம் தந்தையார் என்று ஏழெட்டுத் தலைமுறைப் பெயர்களைத் தடையின்றிச் சொல்கிறோம். அந்தத் தலைமுறைகளின் தாய்மார் பெயர்களை நம்மில் எத்தனை பேர் சொல்ல முடியும்? தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.