புல்லட் ஏன் ஒழுகியது?

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. "ஆயில் ஒழுகவில்லையா? அப்படியென்றால் உள்ளே ஆயிலே இல்லை!" ஆங்கிலத்தில் ராயல் என்ஃபீல்டுக்கு 'ராயல் ஆயில்ஃபீல்டு' என்று பட்டப்பெயரே இருக்கிறது. சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். ஆனால் வணிகவியல் படிக்கிறவனுக்கு இதில் ஒரு கேள்வி வருகிறது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே குறையோடு ஒரு பொருள் எப்படி விற்றது? அந்தக் குறைக்கு யார் காசு கொடுத்தார்கள்?

சென்னைக்கு வந்த கதை

புல்லட் என்ற பெயர் 1932லேயே இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்துவிட்டது. நாம் பார்க்கிற 350 சிசி வண்டியின் அச்சு 1949ஆம் வருஷத்து மாடல். 1950களில் நம் ராணுவத்துக்காக வண்டிகளுக்கு ஆர்டர் போனது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. திருவொற்றியூர் தொழிற்சாலை 1956ல் திறந்தது. நம் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவானதும் அதே 1956தான்!

முதலில் பாகங்கள் பெட்டி பெட்டியாக இங்கிலாந்திலிருந்து வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன, 1960களில் பாகங்களும் இங்கேயே தயாராயின. 1967ல் ரெட்டிச் தொழிற்சாலையே மூடப்பட்டது. தாய் போய்விட்டாள், பிள்ளை மட்டும் திருவொற்றியூரில் அப்படியே வளர்ந்தது. 1977ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது.

அச்சோடு சேர்ந்து அதன் ஒழுகலும் வந்தது என்பதுதான் விஷயம்.

எங்கே ஒழுகும்?

இந்த எஞ்சினில் இணைப்புகள் அதிகம். கிராங்க் கேஸ் இடது பாதி, வலது பாதி என நெட்டுக்குப் பிளந்தது. கியர்பாக்ஸ் தனிப் பெட்டி. மேலே ராக்கருக்கு இரண்டு மூடிகள். வலது பக்கம் டைமிங் கவர். சிலிண்டர் அடியில் டேப்பெட் மூடி. இடது பக்கம் செயின் கேஸ். இதில் டேப்பெட் மூடியையும் செயின் கேஸையும் பிடித்திருப்பது தலா ஒரே ஒரு நட்டு! ஒழுகுகிறதே என்று அதை இறுக்கினால் மூடி வளையும். வளைந்தால் இன்னும் ஒழுகும். இன்னும் இறுக்குவோம்...

இதைவிட முக்கியம் காற்று. 346 சிசி ஒற்றை பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் கிட்டத்தட்ட அவ்வளவு காற்றை அடியில் அழுத்துகிறது. அது வெளியேற பிரீத்தர் குழாய் இருக்கிறது. குழாய் அடைத்தால் காற்று வேறு வழி தேடும். எந்த பேக்கிங் பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளிக்கொண்டு வரும். ஆயில் தொட்டியும் கிராங்க் கேஸுக்குள்ளேயே ஓர் அறை. வண்டி பல நாள் சும்மா நின்றால் ஆயில் பம்பு வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் சேரும். ஸ்டார்ட் செய்ததும் பிரீத்தர் வழியே கொட்டும். இதைப் பார்த்து எஞ்சினே போச்சு என்று பயந்தவர்கள் உண்டு.

டிசைன்தான் குற்றவாளியா?

நெட்டுக்குப் பிளந்த கூடு என்பதால்தான் ஒழுகுகிறது என்று பலர் சொல்வார்கள். 1969ல் வந்த ஹோண்டா சிபி 750ன் கூடு படுக்கையாகப் பிளந்தது, இணைப்பு ஆயில் மட்டத்துக்கு மேலே இருந்தது, அது உண்மை. ஆனால் 1985ல் இந்தியாவுக்கு வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100ஐப் பாருங்கள். அதன் கூடும் நெட்டுக்குப் பிளந்ததுதான், ஆனால் ஒழுகுகிற வண்டி என்று அது பேர் வாங்கவில்லை. ஆக, குற்றம் பிளவின் திசையில் மட்டும் இல்லை. இரண்டு பரப்பும் எவ்வளவு சமமாகக் கடையப்பட்டன, மூடியை எத்தனை போல்ட் பிடிக்கிறது, சீல் எவ்வளவு தரமானது என்பதில்தான் இருக்கிறது.

பிறகு ஏன் மாற்றவில்லை? மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். லைசென்ஸ் காலத்தில் வெளிநாட்டு வண்டி உள்ளே வர முடியாது. பெரிய நான்கு ஸ்ட்ரோக் வண்டி வேண்டும் என்றால் புல்லட்தான். ராணுவமும் போலீஸும் வாங்கின. வாரண்டி முடிந்த பிறகு சொட்டுகிற ஆயில் கம்பெனியின் லாப நட்டக் கணக்கில் ஏறாது. அது வாங்கியவரின் வீட்டுக் கணக்கில் ஏறும்.

அந்தச் செலவைக் குறைத்தவர்கள் நம் மெக்கானிக்குகள். பேக்கிங் கடையில் கிடைக்காவிட்டால் பேக்கிங் பேப்பரை மூடியின் மேல் வைத்து, சுத்தியலால் விளிம்போரம் தட்டித் தட்டியே வெட்டி எடுப்பார்கள். வளைந்த மூடியைக் கண்ணாடி மேல் எமரி பேப்பர் விரித்து எட்டு போட்டுத் தேய்ப்பார்கள். கம்பெனியில் முடிந்திருக்க வேண்டிய வேலை, மரத்தடி ஷெட்டில் முடிந்தது.

முடிவுக்கு வந்தது எப்படி?

1980களில் ஜப்பான் கூட்டு வண்டிகள் வந்ததும் ஒழுகாத வண்டி எப்படி இருக்கும் என்று மக்கள் பார்த்துவிட்டார்கள். 1994ல் என்ஃபீல்டு இந்தியா ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. 2000ல் பொறுப்பேற்ற சித்தார்த்த லாலுக்கு வயது 26. 2008-09ல் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே கூட்டில் வைத்த புது எஞ்சின் வந்தது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்றது. போட்டி வந்த பிறகுதான் திருத்தம் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. வைத்திருப்பவர்களுக்கு, மெக்கானிக்குகள் சொல்லும் வரிசை இது. முதலில் பிரீத்தரைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, காய்ந்ததும் முகப்பவுடர் தூவி ஒரு சுற்று ஓட்டுங்கள். தூசி பறக்கும் நம் ஊரில் இது அவசியம். ஆயில் காற்றில் பின்னால் நகர்ந்து அழுக்கைச் சேர்த்துக்கொள்ளும், அழுக்கு இருக்கும் இடம் ஒழுகும் இடம் அல்ல. பவுடர் முதலில் எங்கே நனைகிறதோ அங்கே பேக்கிங் மாற்றுங்கள். பசையை மெலிதாகத் தடவுங்கள். அதிகமானால் உள்ளே பிதுங்கி, அறுந்து, ஆயில் வழியை அடைக்கும். நட்டை அளவோடு இறுக்குங்கள். அதன் பிறகும் ஒரு சொட்டு விழுந்தால், ஒரு பழைய அட்டையை அடியில் போட்டுவிடுங்கள். அது 1949லிருந்து வருகிற சொட்டு!