ஊசி முனையில் ஓர் உச்சஸ்தாயி
இசைத்தட்டுக் காலம் – 14

சென்ற வாரம் உங்களை 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். உள்ளே ‘காளிதாஸ்’ பேசும்படம் ஓட வேண்டும். டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்ல வேண்டும். அந்த நிமிஷத்திலிருந்து நாடக மேடை எப்படிச் சரிந்தது என்று இந்த வாரம் சொல்வதாக வாக்கு. சொல்கிறேன். அதற்கு முன் செங்கோட்டைக்குப் போய் ஒருவரைக் கூட்டி வர வேண்டியிருக்கிறது.

விருதுநகரில் ரயில் ஏறினால் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி, கடைசியில் செங்கோட்டை. மேற்கே மலை கூடவே வரும். இந்த ஒற்றைத் தடத்தில் தமிழ்ப் பாட்டின் சரித்திரத்தில் பெரும்பங்கு கிடக்கிறது என்பது என் கட்சி. சிவகாசி, விஸ்வநாததாஸ் பிறந்த ஊர். வெள்ளைக்காரனைக் கொக்காக்கி மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டை மேடையில் பாடிவிட்டு, கீழே காத்திருக்கும் போலீஸிடம் கையை நீட்டியவர். முடிதிருத்தும் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடி சேர மறுத்த ஸ்திரீபார்ட்டுகள் உண்டு. அவர்கள் பெயர் இன்று யாருக்கும் தெரியாது, நல்லது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’. முருகன் வேஷத்தில், மயில் வாகனத்தில் உட்கார்ந்தபடியே உயிர் போனது. தாஸுக்கு இந்தத் தொடரில் தனி வாரம் ஒதுக்கியிருக்கிறேன்.

அடுத்த பெரிய ஸ்டேஷன் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் ஊருக்கு இசைத்தட்டு எதற்கு? குல்லாய் அணிந்த அரையர்கள் கையில் தாளத்தோடு பாசுரம் சேவிப்பது அங்கே இன்றும் நடக்கிறது. அப்பனிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்கு என்று வாய்வழியாகவே வந்த பாட்டு அது. ஆண்டாளின் முப்பது திருப்பாவைக்கும் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் கச்சேரி ராகங்கள் அமைத்து, எம்.எல்.வசந்தகுமாரி பாடி, மார்கழி விடியலில் குழாய் ரேடியோ கட்டி ஊரை எழுப்பியதெல்லாம் ரொம்பப் பிந்திய கதை.

ராஜபாளையத்தில் இறங்கினால் நாய். கிராமபோன் கம்பெனியின் சின்னமும் நாய்தான். ‘நாய் மார்க் பிளேட்’ என்றுதான் நம்மவர்கள் கேட்டு வாங்கினார்கள். அந்த நிப்பர் 1895-இலேயே செத்துப்போன ஆங்கிலேய டெரியர். அதன் எஜமானரின் தம்பி பிரான்சிஸ் பாரோ படமாக வரைந்தார். முதலில் வரைந்தது போனோகிராப் முன்னால் உட்கார்ந்த நாயை. கிராமபோன் கம்பெனி 1899-இல் படத்தை வாங்கியபோது, பழைய இயந்திரத்தை அழித்துத் தங்கள் இயந்திரத்தை அதன்மேல் தீட்டச் சொன்னது. விளம்பரத்துக்காக நாயின் விசுவாசத்தையே மாற்றி எழுதியவர்கள்! எங்கள் ஊர் வெள்ளை நாய், இளஞ்சிவப்பு மூக்கு, வேட்டைச் சாதி. குழாய்க்குள் எஜமான் குரல் கேட்கிறது என்று ஏமாந்து உட்காருகிற ரகம் இல்லை. அதற்கும் ஒரு காலம் வந்தது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது.

இப்போது செங்கோட்டை. எஸ்.ஜி.கிட்டப்பா, பிறப்பு 1906.

ஐந்தாறு வயதில் மேடையேறியவர். கன்னையா கம்பெனியில் வளர்ந்தவர். மைக் இல்லாத காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் தார ஸ்தாயி பிசிறில்லாமல் விழ வேண்டும். அப்படிப் பாடியவர்கள் வேறு சிலரும் உண்டு. ஆனால் மேலே போகப் போகக் குரல் மெலியாமல், கத்தலாகவும் மாறாமல், இன்னும் இனித்தது கிட்டப்பாவுக்கு மட்டும்தான். கச்சேரி வித்வான்களே டிக்கெட் வாங்கி நாடகம் பார்க்கப் போனார்கள் என்பார்கள். கதை பார்க்கவா போயிருப்பார்கள்? கோவலன் கொலையுண்பதும் வள்ளி கல்யாணம் செய்வதும் தெரிந்த கதைதானே. ராஜபார்ட் விருத்தத்தைத் தொடங்கினால் கதை கொட்டகைக்கு வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொள்ளும். ‘ஒன்ஸ்மோர்’ சத்தத்தில் வள்ளி தினைப்புனத்தில் காத்துக்கொண்டே நிற்பாள்.

இந்த மனிதரை ஓர் அரக்குத் தட்டில் அடைக்க வேண்டும். பத்து அங்குலத் தட்டு. நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், கொஞ்சம் கூட. அவ்வளவுதான். தியாகராஜரின் ‘எவரனி’ கிருதியை கிட்டப்பா பாடிய தட்டைக் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். மேடையில் ராத்திரியை நீட்டியவர் இங்கே கடிகாரத்துக்குப் பயந்து ஓடுகிறார். சங்கதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி விழுகின்றன. ஆற அமர ஒரு மூச்சு விடவில்லை. நம்மிடம் இருப்பது கிட்டப்பா அல்ல, கிட்டப்பாவின் அவசரம். இதற்காகக் கம்பெனிக்காரர்களை வில்லன்களாக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தட்டு அத்தனை சிறியது. அவர்கள் என்ன செய்வார்கள்? அந்த மூன்று நிமிஷமும் இல்லாமல் போயிருந்தால் 1933 டிசம்பரில், 27 வயதில் செத்துப்போன ஒருவரைப் பற்றிப் பாட்டன்மார் சொன்ன பொய்யென்றே நினைத்திருப்போம்.

வில்லன் வேண்டுமென்றால் கிட்டப்பாவிடமே தேடலாம். கொடுமுடி சுந்தராம்பாளைக் கொழும்பில் நாடகம் நடந்தபோது சந்திக்கிறார். அங்கே அந்த அம்மாள் ஏற்கெனவே பெரும் பெயர். அவரோடு ஜோடி சேர்ந்தால் எடுபட மாட்டாய் என்று கிட்டப்பாவைப் பயமுறுத்தியவர்கள் உண்டாம். எடுபட்டார், 1927-இல் கல்யாணமும் ஆயிற்று. கிட்டப்பாவுக்கு ஊரில் முன்பே மனைவி. பிறகு நடந்ததற்கு அம்மாள் எழுதிய கடிதங்களே சாட்சி. இன்றும் அச்சில் கிடைக்கின்றன. கெஞ்சல், கோபம், கணக்குக் கேட்பது, மறுபடியும் கெஞ்சல். கிட்டப்பாவின் குரலுக்கு நான் அடிமை, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு இருந்த மனுஷருக்கு அல்ல.

இப்படி ஒரு கதை அயல்நாட்டில் கிடைத்தால் விடமாட்டார்கள். ஸ்பெயினில் 1968-இல் ஒரு பாட்டுச் சண்டை நடந்தது. யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்குத் தேர்வான பாடகர் செராட், கட்டலான் மொழியில்தான் பாடுவேன் என்றார். பிராங்கோ அரசின் தொலைக்காட்சி மறுத்து, மாஸியெல் என்ற இளம்பெண்ணைக் கடைசி நேரத்தில் லண்டனுக்கு அனுப்பியது. அவர் பிரிட்டனின் கிளிப் ரிச்சர்டை 29-க்கு 28 என்று ஒற்றைப் புள்ளியில் ஜெயித்துவிட்டார். ஒரு பாட்டு, ஒரு ராத்திரி, ஒரு புள்ளி. அதைத் தொலைக்காட்சித் தொடராகவே எடுத்துவிட்டார்கள், பழைய உடுப்பும் பழைய மைக்குமாக. நம்மிடம் கொழும்புக் கொட்டகை இருக்கிறது, கடிதக் கட்டு இருக்கிறது, நாய் மார்க் இருக்கிறது, மேடைக்குக் கீழே போலீஸும் இருக்கிறது. எடுக்க ஆளில்லை. எடுத்தாலும் கிட்டப்பாவை உத்தமராக்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

பக்கம் தீரப்போகிறது, ‘காளிதாஸ்’ இன்னும் தொடங்கவில்லை. ஆசிரியர் குழு மன்னிக்க வேண்டும்; அடுத்த வாரம் நேரே திரைக்குள்ளேயே போய்விடலாம்.

கிட்டப்பா போனபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றார். பெரிய காதல் காவியம் என்று இதை உருகி உருகி எழுதுகிறார்கள். எனக்கு வேறு மாதிரி படுகிறது. ராஜபார்ட்டின் நிழலில் நிற்கும் ஸ்திரீபார்ட்டாக இனி இருப்பதில்லை என்று முடிவெடுத்த ஒரு தொழில்காரியின் வைராக்கியமும் அதில் இருக்கிறது. ஏனென்றால் சும்மா இருக்கவில்லை அவர். பாடினார், காங்கிரஸ் மேடை ஏறினார், தட்டுகள் கொடுத்தார். சினிமாக்காரர்கள் வந்து கேட்டபோது, தொல்லை விட்டால் போதும் என்று லட்ச ரூபாய் சொன்னாராம். தயாரிப்பாளர் அசன்தாஸ் சரி என்று தலையாட்டிவிட்டார். 1935-இல் ‘பக்த நந்தனார்’. சபதத்துக்கும் பங்கமில்லை, ஏனென்றால் நந்தனாரே அம்மாள்தான். ஆண் வேஷம்! வேதியராக எதிரே நின்றவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். விகடனில் கல்கி படத்தைப் போட்டுக் கிழித்தார்; படமும் ஓடவில்லை.

அதே 1935-இல்தான், காரைக்குடியில் அப்பா கடையில் தட்டு விற்றுத் தொடங்கி, சரஸ்வதி ஸ்டோர்ஸ் கூட்டாளியாகி ஓடியன் தட்டுகளைத் தென்னாட்டில் பரப்பிய ஏ.வி.மெய்யப்பன், பாட்டு விற்றால் போதாது, படமும் எடுப்போம் என்று ‘அல்லி அர்ஜுனா’வில் இறங்கினார். கையைச் சுட்டுக்கொண்டார்.

(தொடரும்)