இருநாட்டுப் பற்று என்னும் ஐயமும் நாடற்றோர் நிலையும்

குடி என்னும் சொல் தமிழில் இருவேறு பொருள் தந்து வழங்கி வந்துளது. பிறப்பு வழி வந்த குலம் என்பது ஒன்று. ஓரிடத்தே நிலைத்து வாழ்தல் என்பது மற்றொன்று. குடிமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் முன்னைப் பொருளைக் கொண்டு நற்குடிப் பிறந்தாரின் இயல்பைக் கூறுகின்றார். குடியேறுதல், குடியிருத்தல், குடிபெயர்தல் என்னும் வழக்குகளில் பின்னைப் பொருளே நிற்கின்றது. இக்காலத்து வழங்கும் குடியுரிமை என்னும் சொல்லில் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்துள்ளன. ஓர் அரசு இவற்றுள் எதனை அளவுகோலாகக் கொள்கின்றது என்பதைப் பொறுத்து மக்களின் வாழ்வு மாறுபடும். இலங்கை மலையகத் தமிழரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். இவர்கள் இரு நாட்டின்பால் பற்றுடையவர் என்னும் ஐயம், இவர்களை எந்நாட்டிற்கும் உரியர் அல்லராக ஆக்கியவாற்றை ஈண்டு ஆராய்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டி மலைநாட்டிற் காப்பித் தோட்டங்கள் தோன்றின. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிமார் வழியே தொழிலாளர் அங்குச் சென்றனர். காப்பி பறிக்கும் பருவத்திற்குச் சென்று மீள்வதே முதலில் பெருவழக்காக இருந்தது. இலைநோயால் காப்பி அழிந்து தேயிலை ஓங்கியபின், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டியதாயிற்று. ஆகவே தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களில் நிலைத்தனர். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அம்மலைகளிலேயே பிறந்தனர். 1946 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் எனக் குறிக்கப்பட்டோர் ஏறத்தாழ 7,80,000 பேர். நாட்டு மக்கள் தொகையில் நூற்றுக்குப் பதினொருவர்க்கு மேற்பட்டோர் என்க.

ஐயம் விடுதலைக்கு முன்னரே தோன்றிவிட்டது. 1931 இல் வயது வந்தோர்க்கெல்லாம் வாக்குரிமை வழங்கப்பட்டபோதே, இவர்கள்பால் மட்டும் நிலைவாழ்வுக்குச் சான்று வேண்டப்பட்டது. இவ்வச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. தோட்டங்களால் நிலமிழந்த கண்டிச் சிங்கள உழவர், வந்தேறியோர் தம் தொகுதிகளிலும் மேலோங்குவர் என அஞ்சினர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் உறுப்பினர் சிலர் தோட்டப் பகுதிகளில் வென்றனர். நுவரெலியாவிற் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையிற் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவருட் சிலர். வேறு சில தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணையாயிற்று. ஆளுங்கட்சியின் கவலைக்கு இதுவும் ஒரு காரணம் என்பர் வரலாற்றாசிரியர்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பிறப்பு வழியையே அடிப்படையாகக் கொண்டது. இலங்கையிற் பிறந்த ஒருவன் பரம்பரைக் குடிமகன் ஆதற்கு, அவன் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்திருத்தல் வேண்டும். தான் அங்குப் பிறந்து வளர்ந்தமை மட்டும் போதாது. பாட்டன் காலத்திற் பிறப்புப் பதிவு செம்மையாக நிலைபெறவில்லை. எழுத்தறியாத் தொழிலாளர் சான்றுத் தாளுக்கு எங்குச் செல்வர்? அடுத்து வந்த 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானோர்க்கு 7 ஆண்டும் மணமாகாதோர்க்கு 10 ஆண்டும் இடையறா வாழ்வினைத் தகுதியாக்கியது. விண்ணப்பிக்க இரண்டாண்டே காலம் தந்தது. விண்ணப்பங்களில் அடங்கியோர் ஏறத்தாழ 8,25,000 பேர். உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டத்தால் குடியுரிமை இல்லார் வாக்குரிமையும் இழந்தனர். செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசினின்று பிரிந்து 1949 இல் தமிழரசுக் கட்சி காண்பதற்கு, இச்சட்டங்கள் பற்றிய கருத்து வேறுபாடும் ஒரு காரணம் ஆயிற்று.

இச்சட்டங்கள் சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணானவை என வழக்குத் தொடரப்பட்டது. கோடக்கன் பிள்ளை வழக்கு என அறியப்படும் இதில், 1953 இல் இலண்டன் பிரிவி கௌன்சில் சட்டங்கள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தன் மக்கள் யார் என வரையறுத்தல் ஒரு சட்டமன்றத்தின் இயல்பான பணி என்பது அத்தீர்ப்பின் கருத்து. அரசுக்கு அவ்வதிகாரம் உண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயின், அவ்வதிகாரத்தால் விலக்கப்பட்டோர் வேறெங்குச் சேர்வர் என்னும் வினாவுக்கு அத்தீர்ப்பில் விடையில்லை.

இந்தியாவும் விடை தரவில்லை. இந்திய அரசியலமைப்பின் 8 ஆம் உறுப்பின்படி, வெளிநாட்டில் வாழும் இந்திய வழியினர் தாமே விரும்பித் தூதரகத்திற் பதிந்தாலன்றிக் குடிமக்கள் ஆகார். இலங்கை தள்ளியோர் தாமாகவே இந்தியர் ஆவர் என்பதை நேருவின் அரசு ஏற்கவில்லை. 1954 இல் நேருவும் கொத்தலாவலையும் செய்த உடன்பாடும் சிக்கலைத் தீர்க்கவில்லை. நாடற்றவர் என்னும் பெயர் இவர்களுக்கு நிலைத்தது. இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தரலாகாது என இரு நாடும் விழிப்பாக இருந்தன. ஒற்றைக் குடியுரிமையும் இல்லாப் பெருங்கூட்டம் ஒன்று இடையே உருவாயிற்று.

1964 அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடும் செம்பாதியாகப் பகிர்வது என்பது 1974 இல் வந்த உடன்பாடு. இவ்வெண்கள் குறித்தபோது அம்மக்களின் கருத்துக் கேட்கப்பட்டிலது. பின்னர் விண்ணப்பம் கோரியபோது அவர்கள் கருத்து வெளிப்பட்டது. குறித்த காலத்தில் இந்தியக் குடியுரிமை வேண்டினோர் 5,25,000 என்னும் அளவை எட்டவில்லை. இலங்கைக் குடியுரிமை வேண்டினோரோ 3,00,000 என்னும் அளவை மிக விஞ்சினர். இந்நாட்டின்மீது பற்றில்லாதவர் என்று கூறப்பட்டோர் தந்த விடை இதுவாகும். ஐயத்தை எழுப்பியோர் இவ்விடையைச் சான்றாக எடுத்துக்கொள்ளாமை வியப்பிற்குரியது.

ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியோருட் பலர் நீலகிரியிற் குடியமர்ந்தனர். தமிழக அரசு இவர்களுக்கெனவே தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. இலங்கையில் இந்தியத் தமிழர் எனப் பெயர் பெற்றோர்க்கு, நீலகிரியிற் சிலோன்காரர் என்னும் பெயர் வழங்கிற்று. எந்நாட்டிற் கால்வைத்தாலும் மற்றை நாட்டின் பெயரே அவர்களைத் தொடர்ந்தது.

பிற்காலச் சட்டங்கள் வேறொரு முரணைக் காட்டுகின்றன. 1987 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இலங்கையில் இரட்டைக் குடியுரிமைக்கு வழி பிறந்தது. வெளிநாட்டிற் குடியுரிமை பெற்றோர் இலங்கைக் குடியுரிமையையும் உடன் வைத்திருத்தல் இயல்வதாயிற்று. அத்தகையோர் நாடாளுமன்ற உறுப்பினர் ஆகலாமா என்பது பற்றி 2015, 2020, 2022 ஆகிய ஆண்டுகளின் அரசியலமைப்புத் திருத்தங்கள் மாறி மாறி விதித்தன. எனினும் அவர் குடிமக்கள் என்பதில் ஐயமில்லை. ஒருவர்க்கு இரு நாடு இருத்தல் கேடன்று என 1987 இல் ஏற்ற அரசு, அவ்வாண்டிலும் ஒரு நாடும் இல்லாதோர் பலரைத் தன் மண்ணிற் கொண்டிருந்தது. ஆகவே இருநாட்டுப் பற்று என்பது தன்னளவில் தடையன்று. யாரிடத்து அது ஐயுறப்பட்டது என்பதே தடையாக நின்றது எனத் துணியலாம்.

1986, 1988 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் பலர்க்கு உரிமை தந்தன. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வழியினர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. அதனையடுத்துப் பத்து நாளில் ஏறத்தாழ 1,90,000 பேர் உரிமை பெற்றனர். 1948 இல் பாட்டன் பூட்டன் பிறப்பைக் கேட்ட நாடு, 2003 இல் இம்மண்ணில் வாழ்ந்த வாழ்வைக் கேட்டது. குடி என்னும் சொல்லின் இரண்டாம் பொருள் சட்டத்தில் இடம்பெற 55 ஆண்டுகள் சென்றன.

இவ்வரலாறு முழுமையாக முடிந்துவிடவில்லை. 1983 இன் வன்செயலுக்குப் பின் தமிழகம் வந்த அகதியருள் மலையக வழியினரும் உளர். அவர்தம் குடியுரிமை பற்றிய வினா அடுத்த தலைமுறைக்கும் நீண்டது. இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவர் சட்டங்களோடு மலையக இலக்கியத்தையும் ஒருங்கு வைத்துக் கற்றல் நலம். வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் அதற்கு நல்ல தொடக்கமாகும். பிறப்புச் சான்று வைத்திராத மக்கள் அம்மண்ணில் வாழ்ந்தமைக்கு அப்பாடல்களும் சான்றே ஆகும்.