மர்மக் கதையும் ஒரு குலத்தொழில்

துப்பறியும் கதை எழுதுகிறவருக்கு இலக்கியப் பந்தியில் கடைசி இலைதான் என்ற அபிப்பிராயம் நம் தேசத்துப் பாஷைகள் பலவற்றிலும் வேரூன்றியிருக்க, வங்காளத்தில் மட்டும் அந்த வழக்கம் அவ்வளவாகச் செல்லுபடியாகவில்லை. அங்கே பெரிய எழுத்தாளர்களும் மர்மக் கதையையும் விந்தைக் கதையையும் வெட்கமில்லாமல் எழுதினார்கள். வாசகர்களும் வெட்கமில்லாமல் படித்தார்கள். போலீஸ் உத்தியோகஸ்தரான பிரியநாத் முகோபாத்யாயர் தம் அனுபவங்களை 1892 முதல் ‘தாரோகார் தப்தர்’ என்ற மாதப் பிரசுரமாக வெளியிட்டார். அதன்பின் ஹேமேந்திர குமார் ராய் சிறுவர்களைப் புதையல் வேட்டைக்கு அழைத்துப் போனார். சரதிந்து பந்தோபாத்யாயர் 1930களில் வியோம்கேஷ் பக்ஷி என்ற துப்பறிவாளரைப் பெரியவர்களுக்கென்றே படைத்தார். இந்த இரண்டு நீரோட்டங்களும் ஒரே மனிதரிடத்தில் வந்து கலந்தன. உலகம் அவரைச் சினிமா மேதை என்று அறியும். வங்காளத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கோ சத்யஜித் ரே முதலில் கதாசிரியர்.

அவருக்கு இது பரம்பரையாக வந்த தொழில். பாட்டனார் உபேந்திரகிஷோர், ஹாஃப்டோன் பிளாக் செய்யும் வித்தையில் சுயமாக ஆராய்ச்சி நடத்தி, லண்டன் ‘பென்ரோஸ்’ ஆண்டு மலரில் கட்டுரைகள் எழுதியவர். அச்சுக்கூடம் வைத்து, 1913-இல் ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் மாதப் பத்திரிகையைத் தொடங்கி, அதற்குக் கதையும் எழுதிச் சித்திரமும் தீட்டியவர். தந்தை சுகுமார் இங்கிலாந்து சென்று அச்சுக்கலை பயின்று திரும்பி அந்தப் பத்திரிகையை நடத்தினார். விளையாட்டுப் பாடல்களில் நிகரற்றவரான அவர் 1923-இல் முப்பத்தைந்து வயதில் மறைந்தபோது சத்யஜித்துக்கு வயது இரண்டு. சில ஆண்டுகளில் அச்சுக் கம்பெனி கடனில் மூழ்க, கார்ப்பார் வீதி வீட்டை விட்டுக் குடும்பம் வெளியேறிற்று. திரைப்படத்தில் உலகப் புகழ் எய்தியபின், 1961-இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயரைத் துணைக்கொண்டு ‘சந்தேஷ்’ பத்திரிகைக்குச் சத்யஜித் மறுபடியும் உயிர் கொடுத்தார். பத்திரிகை என்று ஒன்று இருந்தால் மாதந்தோறும் பக்கங்களை நிரப்பியாக வேண்டுமல்லவா? நாற்பது வயதில் அவரை வங்காளிக் கதாசிரியராக்கியது பெரும்பாலும் அந்த நிர்ப்பந்தமே.

முதலில் வந்தவர் பேராசிரியர் சொங்கு. சுந்தரவனத்தில் எரிகல் விழுந்த பள்ளத்தில் ஒரு டைரி அகப்படுகிறது; அதன் மை ஒரு சமயம் பச்சை, ஒரு சமயம் சிவப்பு என நிறம் மாறுகிறது; கிழித்தால் கிழியாது, நெருப்பிலிட்டால் எரியாது. கிரிதி என்ற சிற்றூரில், நியூட்டன் என்னும் பூனையோடும் பிரகலாதன் என்னும் வேலைக்காரனோடும் வசிக்கும் விஞ்ஞானியான இந்தச் சொங்கு, தாமே ராக்கெட் செய்து செவ்வாய் கிரகத்துக்குப் புறப்பட்ட வரலாறு அதில் எழுதியிருக்கிறது. நெருப்புக்கும் அசையாத அந்தக் காகிதத்தைக் கடைசியில் சாதாரண எறும்புகள் தின்று தீர்த்துவிடுகின்றன! இந்தக் குறும்பு மகனுக்குத் தந்தையிடமிருந்து வந்தது. கானன் டாயிலின் அதிசயப் பிராணிகளைப் பரிகசித்துச் சுகுமாரும் ஒரு டைரிக் கதை எழுதியிருந்தார்.

1965-இன் இறுதியில் ஃபெலூதா என்ற துப்பறிவாளர் வந்தார். டார்ஜிலிங்கில் ஒரு முதியவருக்கு, அச்செழுத்துக்களைக் கத்தரித்து ஒட்டிய மிரட்டல் கடிதம் வருகிறது. கொலையில்லை, கொள்ளையில்லை, பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் தம்மை இடறிவிட்ட பழைய தோழனைக் கொஞ்சம் நடுங்க வைக்க நினைத்த ஒருவரின் வேலை அது. அவரும் துப்பறியும் நாவலாசிரியர் என்பதுதான் வேடிக்கை. விதவிதமான குரூரங்களை நம்பிப் பிழைக்கும் ஒரு தொழிலில், குழந்தைகளின் பத்திரிகைக்கு எழுதுகிறவன் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை ரே அந்த முதற்கதையிலேயே தீர்மானித்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னால் கொலைகள் வந்தன. ஆனால் காமமும் கள்ள உறவும் குற்றத்துக்குக் காரணமாக வந்ததே இல்லை.

1970 முதல், துர்க்கா பூஜையை ஒட்டி வரும் ‘தேஷ்’ பத்திரிகையின் விசேஷ மலரில் ஃபெலூதா நாவல்கள் இடம்பெறலாயின. நம் ஊர்த் தீபாவளி மலரைப்போல் வீடே கூடிப் படிக்கும் மலர் அது. பேரன் முடித்ததும் பாட்டி வாங்கிக்கொள்வாள். 1971-இல் வந்த ‘சோனார் கெல்லா’வில் ஜடாயு என்ற புனைபெயருடைய லால்மோகன் பாபு ரயிலில் அறிமுகமாகிறார், சாகச நாவல்களை மலை மலையாக எழுதிக் குவிப்பவர், ஆனால் ஒட்டகத்தைப் பற்றிக்கூடச் சரியாக எழுதத் தெரியாதவர். அவர் பிழைகளை ஃபெலூதா பொறுமையாகத் திருத்துகிறார். அவசரமாக எழுதும் மலிவு நாவல் தொழிலின்மீது ரே செய்த விமரிசனத்தைவிட அன்பான விமரிசனத்தை நான் கண்டதில்லை. அந்த நாவலை 1974-இல் அவரே படமாக்கியபோது, புத்தகத்தில் கடைசிவரை மறைத்திருந்த வில்லன்களைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார். அச்சுக்கு ஏற்ற மர்மம் திரைக்கு ஏற்றதல்ல என்று, 1967-இல் வியோம்கேஷைப் படமெடுத்த அனுபவம் அவருக்குக் கற்பித்திருந்தது. பிற்காலத்தில் அவர் குடும்ப ஜீவனத்துக்குச் சினிமாவைக் காட்டிலும் இந்தப் புத்தகங்களே பெரிதும் உதவின.

சிறுவர்களுக்காக விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டுக்கு ஒரு விலையும் இருந்தது. பெண் பாத்திரங்கள் அநேகமாக இல்லை. அரிய கல், பழைய விக்கிரகம், ஆள்மாறாட்டம் என்று பிந்திய கதைகளின் எலும்புக்கூடு ஒன்றாகவே இருக்கிறது. இதை ரே அறியாமல் இல்லை. 1990-இல் வெளிவந்த ‘நயன் ரகசியம்’, நம் சென்னைக்கும் மகாபலிபுரத்துக்கும் ஃபெலூதாவை அழைத்து வரும் கதை, ஃபெலூதா மனம் சோர்ந்து உட்கார்ந்திருப்பதில் தொடங்குகிறது. கதைகளில் முன்போல் சுவையில்லை என்று வாசகர்கள் கடிதம் எழுதிவிட்டார்களாம். எழுதுவது இளம் பிள்ளைகளுக்கு, படிப்பதோ அப்பா, அம்மா, மாமா எல்லோரும்; அத்தனை பேரையும் எப்படித் திருப்தி செய்வது என்று, கதை சொல்லும் தம்பி தோப்ஷே அங்கலாய்க்கிறான். என்னைக் கேட்டால், கடிதம் எழுதியவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ரே அடுத்த ஆண்டுகளிலும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1992 ஏப்ரலில் அவர் காலமானபின், அவ்வாண்டுப் பூஜை மலரில் ‘ராபர்ட்சனின் ரூபி’ வெளிவந்தது. ‘சந்தேஷ்’ பத்திரிகை மகன் சந்தீப்பின் பொறுப்புக்கு வந்தது.