பீதித் தற்காப்பு வாதத்தின் வரலாறு: திருநர் கொலை வழக்குகளில் சினமூட்டல் விதியும் ‘ஏமாற்று’ என்னும் கதையாடலும்

ஆய்வுச் சுருக்கம்

திருநர் ஒருவரைக் கொன்றவர், அவருடைய பாலின அடையாளத்தைத் திடீரென அறிந்ததால் தன்னிலை இழந்ததாகக் கூறித் தண்டனைக் குறைப்புக் கோரும் வாதம் ‘பீதித் தற்காப்பு வாதம்’ எனப்படுகிறது. எந்தச் சட்டநூலிலும் இது தனித்த விதியாக இடம்பெற்றதில்லை. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் சினமூட்டல் விதியும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய ஓர் உளமருத்துவச் சொல்லும் இணைந்து இவ்வாதத்தை உருவாக்கின. இக்கட்டுரை அவ்விரு மூலங்களையும் ஆராய்ந்து, கலிபோர்னியா, நியூயார்க், பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களின் மூன்று வழக்குகள் வழியே இவ்வாதம் செயற்படும் முறையை விளக்குகிறது. கொல்லப்பட்டவரின் அடையாளத்தை ‘ஏமாற்று’ என்னும் செயலாக மாற்றிக் காட்டுவதே இவ்வாதத்தின் அடிப்படை என்பதும், இந்தியச் சட்டத்தின் சினமூட்டல் விதிவிலக்கிலும் அதற்கு இடமுண்டு என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: திருநர், பீதித் தற்காப்பு, சினமூட்டல், நியாய மதியுள்ள மனிதன், கலிபோர்னியா, இந்தியத் தண்டனைச் சட்டம்

முன்னுரை

கொலை வழக்கில் நீதிமன்றத்தின் முன் இரண்டு வினாக்கள் நிற்கின்றன. கொன்றவர் யார் என்பது ஒன்று. எத்தகைய மனநிலையில் கொன்றார் என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கான விடையை மறுக்க இயலாத நிலையில், எதிர்த்தரப்பு தன் முழு ஆற்றலையும் இரண்டாம் வினாவின்மீது செலுத்துகிறது. திட்டமிட்ட கொலைக்கும் கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு, ஆயுள் தண்டனைக்கும் சில ஆண்டுச் சிறைவாசத்துக்கும் இடையிலான வேறுபாடு ஆகும். பீதித் தற்காப்பு வாதம் செயற்படும் களம் இந்த இடைவெளியே.

இவ்வாதம் குற்றவாளியை விடுவிப்பது அரிது. குற்றத்தின் அளவைக் குறைப்பதே அதன் வழக்கமான பயன். ஆயினும் குற்றம் குறையும் ஒவ்வொரு முறையும், கொல்லப்பட்டவரின் உயிரது மதிப்பும் அதே அளவுக்குக் குறைத்து அளக்கப்படுகிறது. ஆகவே இதனை வழக்கறிஞர்தம் உத்தியாக மட்டும் கருதாமல், எந்த உயிரிழப்பு எந்த அளவு இழப்பாகக் கொள்ளப்பட்டது என்பதைக் காட்டும் வரலாற்றுச் சான்றாகவும் காணவேண்டியுள்ளது.

சினமூட்டல் விதியின் தோற்றம்

1707ஆம் ஆண்டில் மாக்ரிட்ஜ் வழக்கில் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி ஹோல்ட், கொலைக்குற்றத்தைக் குறைக்கவல்ல சினமூட்டல்களை வகைப்படுத்தினார். இழிவுபடுத்தும் தாக்குதலுக்கு உள்ளாதல், நண்பர் தாக்கப்படுவதைக் காணல், குடிமகன் ஒருவர் முறையின்றிச் சிறைபிடிக்கப்படுவதைக் காணல், மனைவியைப் பிறனொருவனோடு காணல் என்பன அவை. இவற்றுள் இறுதி வகையை ஆணின் உடைமைமீதான மிகப் பெரிய ஊடுருவலாக ஹோல்ட் கருதினார். அக்காலச் சொத்துடைய ஆண்மகனின் மானம், உடைமை, உறவு ஆகியவையே இவ்வகைப்பாட்டின் அளவுகோலாக இருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வகைப்பாடு நெகிழ்ந்தது. 1869ஆம் ஆண்டின் வெல்ஷ் வழக்குக்குப் பின்னர், ‘நியாய மதியுள்ள மனிதன்’ தன்னிலை இழக்கத்தக்க சினமூட்டல் நிகழ்ந்ததா என்பதே அளவையாயிற்று. வகைகளின் இடத்தை மனிதனின் உருவம் ஒன்று பிடித்துக்கொண்டது. அவ்வுருவத்துக்கு முகம் அளித்தவர்கள் நடுவர் குழுவினரே. தம் சமூகத்தில் இயல்பெனக் கருதப்பட்ட வெறுப்புகளையும் அவர்கள் அதனோடு சேர்த்தே அளித்தனர். சட்டம் எந்தப் பிரிவினரையும் பெயர்சுட்டி இழிவுபடுத்தாமலேயே, சமூகத்தின் முன்முடிவுகள் நீதிமன்றத்துள் நுழைய இவ்வளவை வழிசெய்தது.

உளமருத்துவச் சொல் நீதிமன்றத்துக்கு வந்தமை

1920ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவர் எட்வர்டு கெம்ப் தம் உளநோயியல் நூலில் ‘தன்பாலீர்ப்புப் பீதி’ என்னும் தொடரை அறிமுகப்படுத்தினார். வாசிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத் மருத்துவமனையின் நோயாளிகளைக் கண்டு அவர் இம்முடிவுக்கு வந்தார். படைமுகாம், கப்பல், சிறை முதலிய ஒருபால் சூழல்களில் வாழ்ந்தோர், தமக்குள் எழுந்த ஈர்ப்பைக் கண்டு தாமே அஞ்சி நிலைகுலைந்ததை அத்தொடர் குறித்தது. கெம்ப் விவரித்த நோயாளிகள் பிறரைத் தாக்கும் இயல்பினரல்லர். அச்சத்தால் ஒடுங்கித் தம்மையே வருத்திக்கொண்டவர்கள்.

நீதிமன்றம் இச்சொல்லைத் தலைகீழாக்கியது. தன்னைக் கண்டு தான் அஞ்சியவரின் நோய், பிறரைக் கண்டு சினந்தவரின் சாக்காக மாறியது. 1967ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ரோட்ரிகஸ் வழக்கில், தன்னைத் தழுவ முற்பட்டவரைக் கொன்றதாகக் கூறியவரின் தரப்பில் இவ்வாதம் முன்வைக்கப்பட்டது. நடுவர் குழு அதனை ஏற்கவில்லை. எனினும் பின்வந்த வழக்கறிஞர்களுக்கு அவ்வழக்கு ஒரு முன்மாதிரி ஆயிற்று. 1973ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியபோது, இவ்வாதத்தின் மருத்துவ அடித்தளம் சரிந்தது.

கலிபோர்னியாவில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1978ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகர மேயர் மாஸ்கோனையும் தன்பாலீர்ப்பாளரான நகரமன்ற உறுப்பினர் ஹார்வி மில்க்கையும் சுட்டுக்கொன்றவர், ‘குறைந்த மனத்திறன்’ என்னும் வாதத்தால் கொலைக்குற்றத்திலிருந்து தப்பினார். அத்தீர்ப்பு எழுப்பிய எதிர்ப்பின் விளைவாக 1981ஆம் ஆண்டில் அம்மாநிலம் அவ்வாதத்தையே ஒழித்தது. மனநோய் என்னும் வாயில் இவ்வாறு குறுகியதும், பீதி வாதம் சினமூட்டல் என்னும் பழைய வாயிலை நாடியது. குற்றவாளியை நோயாளியாகக் காட்டும் தேவை மறைந்தது. எவரும் செய்யக்கூடியதையே செய்த இயல்பான மனிதன் என அவரைக் காட்டினால் போதும் என்ற நிலை உருவாயிற்று.

நியூவார்க், 2002

இம்மாற்றத்தின் முழு வடிவத்தை க்வென் அராஹோ வழக்கில் காணலாம். கலிபோர்னியாவின் நியூவார்க் நகரைச் சேர்ந்த, பதினேழு வயதான திருநங்கை க்வென் 2002 அக்டோபரில் ஒரு வீட்டு விருந்தில் கொல்லப்பட்டார். அவரைத் தாக்கியவர்கள் அவருடன் முன்பே பழகியவர்கள். உடலைத் தொலைவிலுள்ள சியரா நெவாடா மலையடிவாரப் பகுதிக்குக் கொண்டுசென்று புதைத்தனர். நால்வர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுள் ஒருவர் சிறிய குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சியானார்.

2004ஆம் ஆண்டின் முதல் விசாரணையில் எதிர்த்தரப்பு, க்வெனின் உடல்நிலையை அறிந்த அதிர்ச்சியில் விளைந்த உணர்ச்சிக் கொந்தளிப்பே கொலைக்குக் காரணம் என வாதிட்டது. அவர் தம்மைப் பற்றிய உண்மையை மறைத்து ஏமாற்றினார் என்பது அவ்வாதத்தின் மையம். தாக்குதல் நொடிப்பொழுதில் முடிந்துவிடவில்லை என்பதையும், சில நாள்களுக்கு முன்பே அவர்கள் க்வெனைப் பற்றி ஐயுற்றுத் தமக்குள் பேசிக்கொண்டனர் என்பதையும் சாட்சியம் காட்டியது. ‘திடீர்’ என்னும் சொல்லுக்கு இவ்வுண்மைகள் இடம் தரவில்லை. ஆயினும் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வர இயலாமல் விசாரணை கலைந்தது.

2005ஆம் ஆண்டின் மறுவிசாரணையில் இருவர் இரண்டாம் நிலைக் கொலைக்குற்றவாளிகளாக அறிவிக்கப்பட்டனர். வெறுப்புக் குற்றம் என்னும் கூடுதல் குற்றச்சாட்டை நடுவர் குழு ஏற்கவில்லை. மூன்றாமவர் பின்னர்ச் சிறிய குற்றத்துக்குரிய தண்டனையை எதிர்ப்பின்றி ஏற்றார். வழக்கு நிகழ்ந்துகொண்டிருந்தபோது, 2004ஆம் ஆண்டில், தாயின் மனுவை ஏற்று நீதிமன்றம் ஒன்று க்வெனின் பெயரை அவர் இறந்த பின்னர்ச் சட்டப்படி மாற்றித் தந்தது. ஒரு நீதிமன்றம் அவர் வாழ்ந்த பெயரை அவருக்குரியதாக ஏற்ற அதே ஆண்டில், மற்றொரு நீதிமன்றத்தில் அவர் வாழ்ந்த முறையே ஏமாற்று என வாதிடப்பட்டது.

‘ஏமாற்று’ என்னும் சொல்லின் பணி இங்குத் தெளிவாகிறது. சினமூட்டல் விதிக்குக் கொல்லப்பட்டவர் ஏதேனும் செய்திருக்க வேண்டும்; வசைபாடியிருக்க வேண்டும், அல்லது தாக்கியிருக்க வேண்டும். திருநராக இருத்தல் ஒரு செயலன்று. அவ்விருப்பைச் செயலாக மொழிபெயர்க்கும் சொல்லே ஏமாற்று. அச்சொல் ஏற்கப்பட்டவுடன் வழக்கின் விசாரணைப் பொருள் மாறிவிடுகிறது. கொன்றவர் என்ன செய்தார் என்னும் வினா பின்தங்க, இறந்தவர் எதை மறைத்தார் என்னும் வினா முன்வந்து நிற்கிறது. மறுமொழி கூற இயலாத ஒருவரே குற்றக்கூண்டில் ஏற்றப்படுகிறார்.

சட்டத் திருத்தங்களும் அவற்றின் எல்லையும்

க்வெனின் பெயரைத் தாங்கிய சட்டமொன்றைக் கலிபோர்னியா 2006ஆம் ஆண்டில் இயற்றியது. கொல்லப்பட்டவரின் பாலினம், பாலீர்ப்பு முதலியவை குறித்த முன்முடிவுகளுக்கு இடந்தரலாகாது என நடுவர் குழுவுக்கு அறிவுறுத்துமாறு கோர அது வழிசெய்தது. அறிவுரை தடையாகாது என்பதனால் அச்சட்டம் போதியதாக அமையவில்லை. 2013ஆம் ஆண்டில் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் இவ்வாதத்தைக் கட்டுப்படுத்துமாறு சட்டமன்றங்களைக் கேட்டுக்கொண்டது. 2014ஆம் ஆண்டில் கலிபோர்னியா இதனை விலக்கிய முதல் அமெரிக்க மாநிலமாயிற்று. ஒருவரின் உண்மையான அல்லது பிறரால் கருதப்பட்ட பாலின அடையாளத்தை அறிந்துகொண்டமை நியாயமான சினமூட்டலாகாது என்றும், வன்முறையற்ற காதல் அழைப்பும் அவ்வாறே என்றும் அத்திருத்தம் வரையறுத்தது. இல்லினாய் 2017இலும், ரோடு ஐலண்டு 2018இலும், நியூயார்க் 2019இலும் பின்தொடர்ந்தன.

ஆயினும் இவ்வாதம் விசாரணை அரங்கில் மட்டும் வாழ்வதன்று. 2013 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இஸ்லான் நெட்டில்ஸ் என்னும் இளம் திருநங்கை தெருவில் தாக்கப்பட்டு இறந்தார். அவரிடம் பேச முற்பட்டதைக் கண்டு நண்பர்கள் எள்ளியதால் சினம் தலைக்கேறியது என்று தாக்கியவர் அதிகாரிகளிடம் கூறினார். முழு விசாரணை நடைபெறாமலேயே, 2016ஆம் ஆண்டில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு பன்னிரண்டு ஆண்டுத் தண்டனை பெற்றார். அமெரிக்காவில் பெரும்பாலான குற்ற வழக்குகள் இத்தகைய உடன்பாடுகளிலேயே முடிவடைகின்றன. நடுவர் குழுவின் முன் எழுப்பத் தடைசெய்யப்பட்ட வாதமும் பேரத்தின்போது எடைபெறக்கூடும் என்பதனால், சட்டத் திருத்தத்தின் வீச்சு எல்லைக்குட்பட்டதே.

ஒலோங்காப்போ, 2014

இவ்வாதம் ஆங்கில மரபுக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பிலிப்பைன்ஸ் காட்டுகிறது. 2014 அக்டோபர் 11 அன்று ஒலோங்காப்போ நகர விடுதி ஒன்றில் ஜெனிபர் லாவுட் என்னும் திருநங்கை, கூட்டுப் பயிற்சிக்காக வந்திருந்த அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை வீரர் ஒருவரால் கொல்லப்பட்டார். அந்நாட்டின் 1930ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் ஸ்பானிய மரபைச் சார்ந்தது. ‘உணர்ச்சிக் கொந்தளிப்பும் அறிவு மயக்கமும்’ அதில் தண்டனையைக் குறைக்கும் சூழ்நிலைகளாக இடம்பெற்றுள்ளன. 2015 டிசம்பரில் நீதிமன்றம் கொலைக்குற்றத்தைச் சாதாரண மரணம் விளைவித்த குற்றமாகக் குறைத்ததோடு, அச்சூழ்நிலையையும் கணக்கில் கொண்டது. ஆறு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் என விதிக்கப்பட்ட தண்டனையின் உச்ச அளவு பின்னர்ப் பத்து ஆண்டுகளாயிற்று. 2020 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் டுட்டெர்டே முழு மன்னிப்பு வழங்க, குற்றவாளி நாடு திரும்பினார். விதியின் பெயரும் மரபும் வேறாயினும், கதையாடல் ஒன்றே.

இந்தியச் சட்டத்துக்கான பொருத்தம்

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவு, முதல் விதிவிலக்கில் ‘கடுமையானதும் திடீரென்றதுமான சினமூட்டல்’ என்னும் கருத்தை ஏற்றது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவு அதனை அவ்வாறே தொடர்கிறது. நானாவதி வழக்கில் 1961ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர் சார்ந்த சமூகப் பிரிவின் நியாய மதியுள்ள மனிதன் அச்சூழலில் தன்னிலை இழப்பானா என்பதை அளவையாக வகுத்தது. சொற்களும் சைகைகளும்கூடச் சினமூட்டலாகலாம் எனவும் அது கூறியது. சமூகப் பிரிவின் உணர்வையே அளவுகோலாகக் கொள்ளும் இவ்வளவை, அப்பிரிவில் திருநர்மீது நிலவும் வெறுப்பையும் அளவுகோலாக்கும் இடர் கொண்டது.

இதற்கு எதிராக நிற்கும் தீர்ப்புகளும் உள்ளன. 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலின அடையாளத்தைத் தாமே வரையறுக்கும் உரிமையை உறுதிசெய்தது. 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் எனத் தீர்ப்பளித்தது. திருநங்கை பெண்ணாக வாழ்வதைச் சட்டம் உண்மை என ஏற்ற பின்னர், அதனையே ஏமாற்று என நீதிமன்றத்தில் வாதிடுவது முரணாகும். ஆனால் இம்முரண் குற்றவியல் சட்டத்தின் வாசகத்தில் இன்னும் தீர்க்கப்படவில்லை. 2019ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வடிவில் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், அவர்களின் உயிருக்கு ஊறு விளைவிக்கும் செயல்களுக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரையிலான சிறைத்தண்டனையையே விதித்தது.

மேற்கண்ட சினமூட்டல் விதிவிலக்குக்கு ஏற்கெனவே மூன்று வரம்புகள் உள்ளன. தானே தேடிக்கொண்ட சினமூட்டல், சட்டப்படியான செயலால் விளைந்த சினமூட்டல், தற்காப்புரிமையைப் பயன்படுத்தியதால் விளைந்த சினமூட்டல் ஆகியவை கணக்கில் கொள்ளப்படா. கொல்லப்பட்டவரின் பாலின அடையாளத்தை அறிந்தமை சினமூட்டலாகாது என்னும் நான்காம் வரம்பைச் சேர்ப்பதற்கு இவ்வமைப்பே இடமளிக்கிறது. நடுவர் குழு முறை வழக்கொழிந்த இந்தியாவுக்கு, 2006ஆம் ஆண்டுக் கலிபோர்னிய அறிவுரையைக் காட்டிலும் 2014ஆம் ஆண்டு வரையறையே பொருந்தும்.

முடிவுரை

பீதித் தற்காப்பு வாதம் ஹோல்டின் காலத்து ஆண்மானத்திலிருந்து அளவுகோலையும், கெம்பின் மருத்துவமனையிலிருந்து சொல்லையும் பெற்றது. மருத்துவம் கைவிட்ட பின்னரும் அது நீடித்தமைக்குக் காரணம், நியாய மதியுள்ள மனிதன் யார் என்பதைச் சட்டம் திறந்தே விட்டமை. திருத்தங்கள் அவ்விடத்தை ஓரளவு அடைத்துள்ளன. காவல் நிலைய வாக்குமூலத்திலும் தண்டனைப் பேரத்திலும் தண்டனைக் குறைப்பிலும் அது இன்னும் திறந்தே உள்ளது. எனவே இவ்வாதத்தின் வரலாற்றை ஆராய்வோர் தீர்ப்புகளோடு நில்லாமல், முதல் தகவல் அறிக்கை தொடங்கி ஒவ்வொரு கட்டத்திலும் கொல்லப்பட்டவர் எச்சொற்களால் குறிக்கப்பட்டார் என்பதையும் ஆராய்தல் வேண்டும். அவருக்கு வழங்க வேண்டிய நீதியின் அளவு பெரும்பாலும் அச்சொற்களிலேயே முடிவாகிவிடுகிறது.